டெல்டா மண் வரைபடம்: "இந்த நிறத்தை எவ்வளவு நம்பலாம்?" (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்து ஊர்களில் மண் மாதிரி எடுத்து, உப்பின் அளவை வரைபடமாகப் போட்டுத் தருவது என் வேலை. வரைபடத்தை விரித்ததும் விவசாயிகள் ஒன்று கேட்பார்கள், வேளாண் அலுவலர்கள் ஒன்று கேட்பார்கள், கணக்கு படித்துவிட்டு வரும் மாணவர்கள் வேறொன்று கேட்பார்கள். சுற்றிச் சுற்றி எல்லாரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: மண் எடுக்காத இடத்தைப் பற்றி எந்தத் தைரியத்தில் சொல்கிறீர்கள்? கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதாக இருக்கும்.

"தம்பி, என் வயலில் யாரும் மண்ணே எடுக்கவில்லை. அப்புறம் எப்படி என் வயலுக்கு ஆரஞ்சு நிறம் வந்தது?"

அக்கம்பக்கத்து வயல்களில் எடுத்த மண்ணை வைத்துத்தான். பக்கத்தில் இருக்கும் மண் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும், தள்ளிப் போகப் போக மாறும் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த ஒற்றுமை எவ்வளவு தூரத்தில் எவ்வளவு குறைகிறது என்று அளந்து, அந்த அளவை வைத்து இடைப்பட்ட இடங்களுக்கு மதிப்புப் போடுவதுதான் எங்கள் முறை.

ஆகவே உங்கள் வயலின் ஆரஞ்சு அளந்து சொன்னது இல்லை, மதிப்பிட்டுச் சொன்னது. 40 மீட்டரில் ஒரு மாதிரி இருக்கும் வயலுக்கும், முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு மாதிரியும் இல்லாத வயலுக்கும் அதே ஆரஞ்சு விழலாம். தாளில் இரண்டும் ஒன்றாகத் தெரியும்; நம்பகம் ஒன்றில்லை. இதனால்தான் நான் ஒரு வரைபடத்தை மட்டும் கொடுப்பதில்லை. "எவ்வளவு உப்பு" என்று ஒன்று, "அதை எவ்வளவு நம்பலாம்" என்று ஒன்று, இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறேன். இரண்டாவதைக் கொடுக்காதவரிடம் கேட்டு வாங்குங்கள்.

"ஈ.சி., ஈ.சி. என்கிறீர்களே, அது உவரா, களரா?"

உவர். ஈ.சி. என்றால் மின்கடத்துத் திறன். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கிறார்கள். உப்பு கூடினால் எண்ணும் கூடும் (இங்கே வரும் ஈ.சி. எண்களின் அலகு டெசிசீமன்ஸ்/மீட்டர்). களர் என்பது சோடியம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும் சிக்கல். அதற்குக் கார அமில நிலை 8.5-ஐத் தாண்டுகிறதா, சோடியத்தின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும், ஜிப்சம் போட வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது உவரைப் பற்றி.

ஈ.சி. அளக்க இரண்டு வழி உண்டு. மண்ணைச் சேறாகக் குழைத்து அதிலிருந்து வடிக்கும் சாற்றில் அளப்பது ஒன்று. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டு அளப்பது இன்னொன்று. தண்ணீர் கூடுவதால் இரண்டாவதில் எண் மிகவும் குறைந்து வரும். "4-க்கு மேல் உவர் மண்" என்பதும், "3-ஐத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு 1-க்கும் ஏறத்தாழ 12 சதவீதம் போகும்" என்பதும் சேற்றுச் சாறு அளவுக்குச் சொன்னவை. ஒருமுறை ஒரு ஆய்வகத்திலிருந்து வந்த பட்டியலில் இரண்டு முறையும் ஒரே பத்தியில் கலந்திருந்தன. ஊரின் தெற்குப் பாதி நல்ல மண், வடக்குப் பாதி உவர் என்று வரைபடம் கோடு கிழித்ததுபோல் பிரிந்து நின்றது. மண் அப்படிக் கோடு கிழித்து மாறாது. தேதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கோடு முதல் மூட்டைக்கும் இரண்டாம் மூட்டைக்கும் நடுவில் விழுந்திருந்தது.

"மண்வள அட்டை கொடுத்திருக்கிறார்களே, அது போதாதா?"

2015 பிப்ரவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், பாசன நிலத்துக்கு 2.5 ஹெக்டேர் கட்டத்துக்கு ஒரு மாதிரி, மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று வகுத்தார்கள். 2.5 ஹெக்டேர் என்றால் ஆறு ஏக்கர் சொச்சம். நம் கணக்கில் ஒரு வேலிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வேலி 20 மா. அதற்குள் நாலைந்து பேர் வயல் இருக்கும். அத்தனை பேருக்கும் அட்டையில் ஒரே எண்.

தழை, மணி, சாம்பல் சத்துக்கு உரம் பரிந்துரைக்க அது உதவும், குறை சொல்ல மாட்டேன். உப்பு விஷயம் வேறு. கடலோரத்தில் ஒரு வேலிக்குள்ளேயே நல்ல மண்ணும் உவரும் இருக்கும். அட்டையில் எண் இருக்கிறது. அந்த எண் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பது இல்லை.

"இது தங்கச் சுரங்கத்துக்குக் கண்டுபிடித்த கணக்காமே? நெல் வயலுக்கு எப்படிப் பொருந்தும்?"

ஆமாம், சுரங்கத்தில்தான் பிறந்தது. தென்னாப்பிரிக்காவில் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் வேலை பார்த்த டேனி கிரிகே என்ற பொறியாளர் 1951-ல் இதைப் பற்றி எழுதினார். சுரங்கப் பாறையின் ஓரங்களில் எடுத்த மாதிரிகளை வைத்து "இந்தப் பகுதி வளமானது" என்று முடிவு செய்து வெட்டினால், சொன்னதைவிடக் குறைவாகத் தங்கம் கிடைத்தது. "இது தேறாது" என்று ஒதுக்கிய பகுதிகளில் சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தது. ஓரத்து மாதிரிகளின் சராசரியை அப்படியே நம்பாமல், சுற்றுவட்டாரச் சராசரியையும் சேர்த்து எடை போட வேண்டும் என்று அவர் காட்டினார். பிரான்சில் ஜார்ஜ் மாத்தரான் 1960-களில் இதற்கு முழுக் கணிதக் கோட்பாடு அமைத்து, கிரிகேயின் பெயரையே முறைக்கு வைத்தார். அதுதான் கிரிகிங்.

தங்கத்துக்குப் பதில் உப்பை வைத்துப் பாருங்கள். மண்ணைத் தோண்டிப் பார்க்கப் பணம் வேண்டும், எல்லா இடத்திலும் தோண்ட முடியாது, தோண்டாத இடத்தைப் பற்றித்தான் முடிவெடுக்க வேண்டும். சுரங்கக்காரருக்கும் சம்பா விவசாயிக்கும் இருக்கும் நெருக்கடி ஒன்றுதான்.

"வேரியோகிராம் என்றால் என்ன? படம் போடாமல் சொல்லுங்கள்."

100 இடத்தில் மண் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 4,950 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டே கேள்வி: இருவருக்கும் இடையே எத்தனை மீட்டர்? இருவரின் ஈ.சி.யும் எவ்வளவு வேறுபடுகிறது? வேறுபாட்டை வர்க்கமாக்கி, 0 முதல் 100 மீட்டர் வரை உள்ள ஜோடிகள் ஒரு கூறு, 100 முதல் 200 வரை அடுத்த கூறு என்று பிரித்து, கூறு கூறாகச் சராசரி எடுத்து, அதில் பாதியைத் தூரத்துக்கு எதிராகக் குறியுங்கள். அதுதான் வேரியோகிராம். வேறு மாயம் ஒன்றும் இல்லை.

கோடு இடப்பக்கம் தாழ்ந்து தொடங்கி, ஏறி, ஓரிடத்தில் சமமாகும். சமமாகும் உயரத்தைச் சில் என்பார்கள். ஊர் முழுக்க மண் எவ்வளவு மாறுபடுகிறது என்பதை அது காட்டும். சமமாகத் தொடங்கும் தூரம் ரேஞ்ச். ரேஞ்ச் 400 மீட்டர் என்றால், 400 மீட்டருக்கு அப்பால் இருக்கும் மாதிரி உங்கள் வயலைப் பற்றித் தனியாக எதுவும் சொல்வதில்லை. ஊர்ச் சராசரி சொல்வதைத்தான் அதுவும் சொல்லும். ஒரு வரைபடம் கையில் வந்தால் நான் முதலில் கேட்பது நிறத்தை இல்லை, ரேஞ்ச் எவ்வளவு, மாதிரிக்கு மாதிரி இடைவெளி எவ்வளவு என்பதைத்தான்.

"ஒரே வயலில் இரண்டடி தள்ளி எடுத்த மண்ணுக்கு இரண்டு விடை வருகிறது. லேப் தப்பா?"

கொஞ்சம் லேப், மீதி மண். வேரியோகிராம் கோடு தூரம் சுழியாகும் இடத்தில் சுழிக்கு வராமல், மேலேயே நிற்கும். அந்த உயரத்துக்கு நகெட் என்று பெயர். நகெட் என்றால் தங்கக் கட்டி. ஒரு கட்டி மாதிரிக்குள் விழுந்தால் ஒரு விடை, பக்கத்துப் பாறையில் அது இல்லாவிட்டால் வேறு விடை.

நம் வயலிலும் அப்படித்தான். தலைஞாயிறு பக்கம் ஒரு கோடையில், வரப்பின் அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டியது. இரண்டடி உள்ளே, நடவு நட்ட தாள் நிற்கும் இடத்தில் மண் கறுப்பாக, சாதாரணமாக இருந்தது. நண்டு வளை, பழைய எருக்குழி, வைக்கோல் போர் போட்டிருந்த இடம் என்று எல்லாமே இந்தச் சிறு தூர மாறுபாட்டைக் கூட்டும். லேப்பின் பங்கைத் தனியே அறிய வேண்டுமானால், ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, வேறு வேறு எண் போட்டு அனுப்புங்கள். இருபதுக்கு ஒன்றாவது இப்படி அனுப்புவது என் வழக்கம்.

ஒரு வயலில் 10 முதல் 15 இடங்களில் ஆங்கில வி வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, சுரண்டி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு அரைக் கிலோவாகக் குறைக்கச் சொல்வது இதற்காகத்தான். கலக்கக் கலக்க அந்தச் சிறு தூரக் குழப்பம் அடங்கிவிடும். லேப் பிழை மட்டும் அப்படியே இருக்கும்.

"எத்தனை மாதிரி எடுத்தால் போதும் சார்? பட்ஜெட்டில் எண்ணிக்கை எழுத வேண்டும்."

வேரியோகிராமை நம்பிக்கையோடு போட 100 மாதிரி கீழ்வரம்பு, 150 இருந்தால் நிம்மதி. மண் புள்ளியியலில் பெயர்பெற்ற ரிச்சர்ட் வெப்ஸ்டரும் மார்கரெட் ஆலிவரும் 1992-ல் சொன்ன அளவு இது, இன்றும் நிற்கிறது. 30 மாதிரியை வைத்து அழகான வளைவு காட்டினால் சந்தேகப்படுங்கள்.

எண்ணிக்கையைவிட எங்கே எடுக்கிறோம் என்பதை அதிகம் கவனிக்க வேண்டும். 500 மீட்டருக்கு ஒன்று என்று ஒழுங்காகக் கட்டம் போட்டு எடுத்துவிட்டு, மண்ணின் ரேஞ்ச் 400 மீட்டர் என்று இருந்தால், அத்தனை ஜோடியும் ரேஞ்சைத் தாண்டியே நிற்கும்; ஒற்றுமை எப்படிக் குறைகிறது என்று வேரியோகிராமில் தெரியவே தெரியாது. பத்தில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே நெருக்கமாக, 5 மீட்டர், 20 மீட்டர், 50 மீட்டர் தள்ளி எடுங்கள். "ஒரே இடத்தில் ஏன் இரண்டு?" என்று தணிக்கையில் கேட்பார்கள். நகெட் தெரிவது அந்த இரண்டில்தான்.

"தூரத்தை வைத்துச் சராசரி போடும் வசதி க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளிலேயே இருக்கிறதே, கிரிகிங் எதற்கு?"

தூரத்தின் தலைகீழை எடையாக வைக்கும் அந்த முறை, உங்கள் ஊர் மண்ணைக் கேட்காமலே எடை போடுகிறது. உப்புக்கும் துத்தநாகத்துக்கும் ஒரே எடைதான். கிரிகிங் வேரியோகிராமைக் கேட்டு எடை போடும். இன்னொன்று, சாலையோரம் எளிது என்பதால் ஐந்து மாதிரியை ஒரே இடத்தில் குவித்து எடுத்திருப்பார்கள். பழைய முறையில் அந்த ஐந்துக்கும் ஐந்து ஓட்டு. கிரிகிங்கில் ஐந்தும் ஒரே சேதியைச் சொல்வதால் ஏறத்தாழ ஒரு ஓட்டுதான். கூடவே, ஒவ்வொரு இடத்துக்கும் பிழை எவ்வளவு இருக்கும் என்றும் சொல்லும். ஆர் மென்பொருளில் ஜிஸ்டாட் தொகுப்பு இதை இலவசமாகச் செய்து தருகிறது.

"ஆற்றுக்கு அந்தக் கரையில் எடுத்த மண் எங்களுக்கு 100 மீட்டர்தானே? ஏன் சேர்க்கவில்லை?"

மீட்டரில் பக்கம், மண்ணில் தூரம். டெல்டாவில் வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, கோரையாறு என்று கிளைகள் கிழக்கு நோக்கி ஓடி, தங்கள் கரையோரம் வண்டலும் மணலும் போட்டு, தள்ளிப் போகப் போகக் களிமண் விட்டிருக்கின்றன. அதனால் உள்நாட்டில் ஆற்றின் போக்கில் மண் நெடுந்தூரம் ஒத்திருக்கும், குறுக்கே போனால் சட்டென்று மாறும். வேதாரண்யம் பக்கம் வந்தால் கதை திரும்பிவிடுகிறது. அங்கே கடற்கரைக்கு இணையாகப் பழைய மணல் மேடுகள் ஓடுகின்றன; ஒற்றுமையும் அந்தத் திசையில்தான் நீளும். இரண்டுக்கும் ஒரே வேரியோகிராம் போட்டால் இரண்டுமே கெடும். பிரித்துப் போடுவதுதான் என் வழக்கம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நெதர்லாந்தின் மியூஸ் ஆற்றுப் படுகையில் எடுத்த 155 மாதிரிகளை வைத்துத்தான் எல்லாரும் ஜிஸ்டாட் பழகுகிறோம். அங்கே துத்தநாகம் ஆற்றிலிருந்து தள்ளிப் போகக் குறைகிறது; அதனால் ஆற்றுத் தூரத்தைப் போக்காக வைப்பார்கள். அந்த நிரல் வரியை அப்படியே நகலெடுத்து இங்கே போடாதீர்கள். இங்கே உப்பு கடலிலிருந்தும், கடல்நீர் ஏறி வரும் வடிகால், முகத்துவாரங்களிலிருந்தும் வருகிறது. அளக்க வேண்டிய தூரம் அது.

"லேப் ரிப்போர்ட்டில் ஒரு இடத்தில் 11 இருக்கிறது. வரைபடத்தில் அதிகபட்சமே 4.6. மீதி எங்கே போச்சு?"

கிரிகிங் சமன்படுத்தும். ஒவ்வொரு இடத்துக்கும் பிழை குறைவாக இருக்கும் நடுமதிப்பைத்தான் அது தேடுகிறது; அதனால் உச்சங்கள் தேய்ந்து, பள்ளங்கள் நிரம்பிவிடும். நகெட் பெரிதாக இருந்தால் இன்னும் கூடுதலாகத் தேயும். அந்த 11 தவறான எண் இல்லை. அதன் பக்கத்தில் இருப்பவையெல்லாம் 2, 3 என்று இருப்பதால், "இது ஓரிடத்து விஷயம்" என்று கணக்கு அதன் ஓட்டைக் குறைத்துவிட்டது. இந்த வரைபடத்தைப் பார்த்து "எங்கள் ஊரில் 5-க்கு மேல் எங்குமே இல்லை" என்று அறிக்கை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வரைபடம் அதைச் சொல்லவே இல்லை.

"சமன் செய்தால் என்ன கெட்டுவிட்டது? சராசரிதானே வேண்டும்?"

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். 6 மா வயல் ஒன்று. 3 மாவில் ஈ.சி. 1, மீதி 3 மாவில் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 3. இரண்டாம் கேள்வியில் சொன்னபடி நெல்லுக்கு 3 வரை சேதம் இல்லை. ஆக, சராசரியைப் பார்த்தால் இழப்பு சுழி.

வயலில் நடப்பது வேறு. ஈ.சி. 1 இருக்கும் பாதி முழு விளைச்சல் தரும்; அது "இன்னும் நன்றாக" விளைந்து மறுபாதியை ஈடுகட்டாது. ஈ.சி. 5 இருக்கும் பாதியில், 3-ஐத் தாண்டிய 2-க்கு 24 சதவீதம் போகும். மொத்த வயலுக்குப் பார்த்தால் 12 சதவீத இழப்பு. எண் மாறவில்லை, சராசரி மாறவில்லை, 12 சதவீத நெல் மட்டும் காணோம். எந்த விஷயத்தில் ஒரு எல்லையைத் தாண்டினால்தான் சேதம் தொடங்குகிறதோ, அங்கெல்லாம் சராசரி வரைபடம் சேதத்தைக் குறைத்தே காட்டும். மாறுபாட்டை அழிக்காத கணக்கு நமக்கு வேண்டும்.

"சிமுலேஷன் என்றால் நீங்களே கற்பனையாக வயலை வரைவதா அண்ணா?"

வரைவதுதான், ஆனால் இஷ்டத்துக்கு இல்லை. மூன்று நிபந்தனை: மண் எடுத்த இடங்களில் லேப் மதிப்பு மாறக் கூடாது, மொத்தப் பரவல் ஊரில் கண்ட பரவலைப் போலவே இருக்க வேண்டும், வேரியோகிராம் அதே போல வர வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்தும் ஊர் ஒன்றுதான் என்று இல்லை, எத்தனையோ உண்டு. கணினி அவற்றில் 500-ஐ வரைந்து தரும். ஒவ்வொன்றிலும் உச்சமும் பள்ளமும் உயிரோடு இருக்கும். எது உண்மையான ஊர் என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் உங்கள் வயலுக்கு வாருங்கள். 500 ஊர்களில் 160-ல் உங்கள் வயலின் ஈ.சி. 3-ஐத் தாண்டினால், தாண்டும் வாய்ப்பு 32 சதவீதம். முந்தைய கேள்வியின் இழப்புக் கணக்கை 500 ஊருக்கும் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுத்தால், அது ஒழுங்கான இழப்பு மதிப்பீடு. முதலில் சராசரி எடுத்துவிட்டுப் பிறகு இழப்பைக் கணக்கிடக் கூடாது. வரிசை மாறினால் விடையே மாறிவிடும்.

"32 சதவீதம் என்றால் நான் எந்த ரகம் நடுவது? ஆமா, இல்லை என்று சொல்லுங்களேன்."

ஆமா, இல்லை சொல்ல உங்கள் கணக்கும் வேண்டும். உதாரணத்துக்கு: நல்ல மண்ணில் உப்பு தாங்கும் ரகம் (குழியடிச்சான் மாதிரி) நட்டால், சாதாரண ரகத்தைவிட ஏக்கருக்கு 3,000 ரூபாய் குறைவாக வரும் என்று வையுங்கள். உவர் மண்ணில் சாதாரண ரகம் நட்டால் 10,000 ரூபாய் போகும் என்று வையுங்கள். இரண்டு தவறும் சமமாகும் இடம் 13,000-ல் 3,000, அதாவது 23 சதவீதம். உங்கள் வயல் 32. ஆகவே தாங்கும் ரகம்.

ஐம்பதுக்கு மேல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று நினைப்பது பொதுவான தவறு. எந்தத் தவறுக்கு எவ்வளவு செலவு என்பதே கோட்டை எங்கே போடுவது என்று சொல்லும். குத்தகைக்கு உழுபவருக்கும் சொந்த நிலக்காரருக்கும் அந்தக் கோடு வேறு வேறு இடத்தில் விழலாம். அதனால் வரைபடத்தில் "உவர் / நல்லது" என்று இரண்டு நிறம் பூசிக் கொடுப்பது அவர்கள் முடிவை நாமே எடுத்துவிடுவது. வாய்ப்பைச் சதவீதமாகக் கொடுங்கள்.

"கிரிகிங் தரும் பிழை வரைபடத்தையே நிச்சயமின்மை என்று போட்டுவிடலாமா?"

ஆய்வேட்டில் பலர் செய்வது. அந்தப் பிழை, மாதிரிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் வேரியோகிராமையும் மட்டும் பார்க்கிறது. பக்கத்து மாதிரிகள் என்ன மதிப்புச் சொல்கின்றன என்று பார்ப்பதே இல்லை. சுற்றிலும் 0.4, 0.5, 0.6 என்று இருக்கும் வயலுக்கும், சுற்றிலும் 1, 4, 12 என்று இருக்கும் வயலுக்கும் மாதிரி அமைப்பு ஒன்றானால் பிழையும் ஒன்றே. எந்த விவசாயியும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்; அவர் சொல்வது சரி.

ஈ.சி. ஒரு பக்கம் நீண்ட வால் உள்ள பரவல். மடக்கை எடுத்தோ, இயல்நிலைப் பரவலுக்கு மாற்றியோ சிமுலேஷன் செய்தால் உவர் பகுதியில் நிச்சயமின்மை தானாகவே விரியும். "3-க்கு மேலா, கீழா" என்பது மட்டும் போதும் என்றால், மதிப்புகளை 1, 0 என்று மாற்றிச் செய்யும் இண்டிகேட்டர் கிரிகிங்கும் உண்டு. மடக்கையிலிருந்து திரும்பி வரும்போது அப்படியே அடுக்கேற்றிவிடாதீர்கள். அது இடைநிலை மதிப்பைத் தரும், சராசரியைத் தராது.

"90 சதவீத நம்பிக்கை என்கிறீர்கள். அந்த 90 சரியா என்று யார் பார்ப்பது?"

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். சில மாதிரிகளை மறைத்து வைத்துவிட்டு, மீதியை வைத்து அவற்றுக்கு 90 சதவீத இடைவெளி போடுங்கள். மறைத்த 50-ல் ஏறத்தாழ 45 அதற்குள் விழ வேண்டும். 35 மட்டுமே விழுந்தால் நாம் அளவுக்கு மீறித் தைரியமாகப் பேசியிருக்கிறோம். 50-ம் விழுந்தால் இடைவெளி தேவைக்கு மேல் அகலம், யாருக்கும் பயன்படாது. மறைக்கும் மாதிரிகள் சாலையோரக் கூட்டத்திலிருந்து வந்தால் தேர்வு எளிதாகிவிடும். வரைபடம் பயன்படப் போகும் உள்வயல்களிலிருந்து மறைத்து வையுங்கள்.

"சாட்டிலைட்டும் ஏஐயும் வந்துவிட்டதே. இன்னும் மண்வெட்டியோடு அலைவானேன்?"

இரண்டும் வேண்டும். உலகம் முழுக்க மண் மதிப்பு தரும் சாயில்கிரிட்ஸ் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. நடுமதிப்போடு 5 சதவீத, 95 சதவீத எல்லைகளையும் கொடுக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் ஒரு கட்டம் 250 மீட்டருக்கு 250 மீட்டர், அதாவது 15 ஏக்கருக்கு மேல், இரண்டு வேலிக்கும் கூடுதல். மண்வள அட்டைக்கு நான் சொன்னது இதற்கு இன்னும் பொருந்தும். செயற்கைக்கோள் படம் பெரிய போக்கைப் பிடிக்கட்டும். மீந்து நிற்கும் பிழைக்குக் கிரிகிங் செய்யுங்கள். ஏஐக்குப் பயிற்சி கொடுக்க மண் மாதிரி வேண்டும், அதற்கு மண்வெட்டி வேண்டும்.

"போன வருஷம் எடுத்ததையும் இந்த வருஷம் எடுத்ததையும் சேர்த்தால் 100 வந்துவிடும். சேர்க்கலாமா?"

கார அமில நிலைக்குப் பெரும்பாலும் சேர்க்கலாம். உப்புக்கு மாதத்தைப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கீழிருக்கும் உப்பு ஈரத்தோடு மேலே ஏறிப் பூக்கும். வடகிழக்குப் பருவமழை அதையே கழுவிக் கீழே தள்ளும். ஒரே இடம், ஒரே ஆழம், இரண்டு மாதத்தில் இரண்டு விடை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்னும் பின்னும், 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு முன்னும் பின்னும் கடலோர மாதிரிகளைக் கலக்கவே கூடாது. நான் சம்பா அறுவடை முடிந்து, தை கடைசி மாசியில் மட்டும் எடுப்பது என்று வைத்திருக்கிறேன்.

"எங்கள் ஊருக்குக் கீழே பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்கிறார்கள். அதுவும் இதே மாதிரி மதிப்பீடுதானா?"

அதே மாதிரிதான். துளை போட்ட இடத்தில் படிவம் எத்தனை மீட்டர் கனம் என்று தெரியும். துளைக்கும் துளைக்கும் நடுவில் இருப்பது மதிப்பீடு. அதனால்தான் கையிருப்பை நிரூபணமானது, சுட்டப்பட்டது, ஊகிக்கப்பட்டது என்று பிரித்துச் சொல்வார்கள்; துளைகளின் நெருக்கத்தைப் பொறுத்தது அந்தப் பிரிவு. இத்தனை டன் என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், அதில் எவ்வளவு எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

தோண்டலாமா கூடாதா என்பது வேறு கேள்வி. அதற்கு 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகிய மூன்றும் எதிர்ப்புக்குப் பின் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. டன் கணக்கு எவ்வளவு துல்லியமானாலும் அந்த முடிவை அது எடுத்துவிடாது.

"கையில் இன்னும் ஒரே ஒரு மாதிரிக்குத்தான் காசு இருக்கிறது. எங்கே எடுப்பீர்கள்?"

பிழை அதிகமாக இருக்கும் இடத்தில் என்று பாடப்புத்தகம் சொல்லும். நான் அங்கே போக மாட்டேன். வாய்ப்பு 90 சதவீதம் என்று நிற்கும் வயலில் இன்னொரு மாதிரி எடுத்தாலும் நடும் ரகம் மாறாது. 2 சதவீதம் நிற்கும் வயலிலும் மாறாது. மேலே போட்ட கணக்கில் கோடு 23-ல் இருந்தது. 15-லிருந்து 35 வரை நிற்கும் வயல்களைப் பிரித்து எடுத்து, அவற்றில் அக்கம்பக்கத்தில் மாதிரி இல்லாத, பரப்பு அதிகமான வயலுக்குப் போவேன். அங்கே வரும் ஒரு எண் பக்கத்து நாலு பேர் முடிவையும் சேர்த்து மாற்றும்.

எடுக்கும்போது வரப்பு, வாய்க்கால், மரநிழல், எருக்குழி இவற்றை விட்டுத் தள்ளி, 15 இடம் வெட்டிக் கலந்து எடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். பைக்குள் போடும் சீட்டில் சர்வே எண், ஆழம், தேதி, முன்பு நின்ற பயிர், போனில் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈர மண்ணில் கலைந்துவிடும்.